நாலு நிமிஷ நெருப்பு

விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது ஏன் பழுக்கிறது என்று யாரைக் கேட்டாலும் 'காற்றோடு உராய்வதால்' என்பார்கள். உராய்வின் பங்கு கொஞ்சம்தான். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அந்த சமாசாரம்தான் முக்கியம். மணிக்கு 28,000 கிலோமீட்டரில் வருகிற கலத்துக்கு ஒதுங்கி வழிவிடக் காற்றுக்கு அவகாசமில்லை. நசுங்குகிறது. பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறி, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓட, காற்றே பிளாஸ்மாவாகிவிடுகிறது. ரேடியோ அலை இந்தப் போர்வையைத் தாண்டாது. (வீட்டுக்கு போன் பண்ணாததற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.)

1962 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ஜான் க்ளென் 'ஃப்ரெண்ட்ஷிப் 7' கலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். தரையில் ஒரு சிக்னல். கலத்தின் அடியில் உள்ள வெப்பக் கவசம் கழன்றிருக்கலாம் என்கிறது. நிஜமென்றால் ஆள் சாம்பல்.

கூடிப் பேசினார்கள். வேகத்தைக் குறைக்கும் ராக்கெட் பொதி ஒன்று, கவசத்துக்கு மேலே மூன்று பட்டைகளால் கட்டப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் கழற்றி எறிய வேண்டியது. எறியாமல் விட்டால், காற்றின் அழுத்தம் வந்து கவசத்தை இறுக்கும்வரை அந்தப் பட்டைகள் பிடித்துக்கொள்ளலாம். கோவணக் கயிறு டெக்னிக்!

"பொதியை எறிய வேண்டாம்" என்றார்கள். ஏன் என்றார் க்ளென். மேலிடத்து முடிவு என்று பதில். நம் ஆபீஸ் சர்க்குலர் மாதிரியேதான். நிஜக் காரணத்தைச் சொன்னது, நெருப்புக்குள் நுழையச் சற்று முன்புதான்.

அப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஒரே ஆரஞ்சு. எரிகிற துண்டுகள் பறந்து போகின்றன. போவது பொதியா, கவசமா? கவசம் இருப்பது அவர் முதுகுக்குப் பின்னால். போனால் சூடு முதலில் முதுகில்தான் தெரியும். அதை எதிர்பார்த்தபடியே கலத்தை ஓட்டினார், தரையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. தரையிலும் நாலு நிமிஷத்துக்கு மேல் மூச்சுக் காட்டவில்லை யாரும். பிறகு குரல் வந்தது.

எரிந்தது பொதி. கவசம் கழலவே இல்லை, கோளாறு ஒரு சென்ஸார் ஸ்விட்ச்சில். இதையெல்லாம் ஓட்டுகிறவனிடம் உடனே சொல்லவேண்டாமா என்பது க்ளென்னின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

2024 ஜூனில் 'ஸ்டார்ஷிப்' இறங்கியபோது பேச்சு அறுபடவில்லை. பிளாஸ்மா அடியில்தான் கெட்டி, முதுகுப்புறம் மெலிசு. அதனால் மேலே பறக்கும் சாட்டிலைட்டுகள் வழியாகப் பேசிவிட்டது. அதன் மடல் ஒன்று உருகி ஓட்டை விழுவதை உலகமே நேரடியாகப் பார்த்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.