பல் விழுவது தண்டனை இல்லை



போன கிழமை நடந்தது. இடைவேளை மணி அடித்தும் தரம் ஒன்றில் ஒரு பிள்ளை மட்டும் வெளியே போகவில்லை. பென்சில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். நீண்ட நேரம் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் பெட்டியைத் திறந்து காட்டினாள். கொப்பித் தாளில் சுற்றிய ஒரு குட்டிப் பல்.

"டீச்சர், நான் பொய் சொன்ன. அதான் விழுந்திட்டு. உம்மாட்ட சொல்லாதீங்க."

காலையில் பாலைப் பூச்சட்டிக்குள் ஊற்றிவிட்டு, குடித்தேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "பொய் சொன்னா பல்லு விழும்" என்று வீட்டில் யாரோ முன்பு சொல்லியிருக்கிறார்கள். பல் விழுந்ததும் பிள்ளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. வாய்க்குள் இரத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு பாடவேளை சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. நானும் அதே வகுப்பில்தான் நின்றேன். கவனிக்கவில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் சொல்றதுதானே டீச்சர், இதையெல்லாம் பெரிசாக்குறீங்களே" என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. உங்களுக்கு அது விளையாட்டு. ஆறு வயதுக்கு அது விளையாட்டு இல்லை. கல்வியியற் கல்லூரியில் பியாஜே படித்தோம். தவறு செய்தால் யாரும் பார்க்காவிட்டாலும் உலகமே தன்னைத் தண்டித்துவிடும் என்று இந்த வயதுப் பிள்ளை நம்பும் என்று அவர் 1932இலேயே எழுதிவிட்டார். பரீட்சைக்குப் பாடமாக்கினோம், எழுதினோம், மறந்தோம். அந்த நம்பிக்கையின் மேல்தான் நாம் இந்தப் பயத்தை ஊற்றுகிறோம்.

யோசித்துப் பாருங்கள். பொய் சொல்லக்கூடாது என்று கற்பிக்க ஒரு பொய்யையே எடுத்திருக்கிறோம். வா, தருகிறேன் என்று பிள்ளையைக் கூப்பிட்ட ஒரு தாயிடம், என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். ஜும்ஆவில் இந்த ஹதீஸைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து "பல்லு விழும்" என்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பல் ஆடத் தொடங்கியதும் நூலையும் கதவையும் தேடுகிற வாப்பாமார். அதை வீடியோ எடுத்து, பிள்ளை அழுவதைப் போட்டு, சிரிப்புப் பொம்மை வைப்பவர்கள். கீழே முளைக்கும் நிலையான பல் தள்ளத் தள்ள, பால் பல்லின் வேர் தானாகக் கரைகிறது. அதனால்தான் பல் ஆடுகிறது. கரைந்து முடிய முன் இழுத்தால் முரசு கிழியும், இரத்தம் கூடும், வேர் முறிந்து உள்ளே தங்கவும் கூடும். பிள்ளை தன் நாக்கால் ஆட்டிக்கொள்ளட்டும். அது விழும் நேரம் அதற்குத் தெரியும்.

பிறகு நம்ம பெரிய விவாதம். பல்லைக் கூரையில் எறிவதா, மண்ணில் புதைப்பதா? மூத்தம்மா "அணிலே, இந்தப் பல்லை எடுத்துப் புதுப்பல் தா" என்று எறியச் சொல்வார். மகன் அதெல்லாம் கூடாது என்று சண்டைக்கு வருவார். அணிலிடம் கேட்பதில் எனக்கும் உடன்பாடில்லை. என் வீட்டில் புதைப்போம். ஆனால் விழுந்த பல்லுக்கு இவ்வளவு சண்டை பிடிக்கும் நாம், விழ முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசினோமா?

என்ன பேசுவது? ஐந்து வயது முடியும்போதே சொல்லுங்கள். "உன்ட வாயில இருபது பால் பல்லு இருக்கு. எல்லாம் ஒவ்வொன்றா விழும். எனக்கும் விழுந்த, வாப்பாக்கும் விழுந்த. பெரிய பல்லு கீழே காத்துக்கொண்டு இருக்கு. கொஞ்சம் இரத்தம் வரும், சுத்தமான துணியைக் கடிச்சா நிக்கும்." இவ்வளவுதான். பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் கீழ் முன்பல் இரண்டும் முதலில் விழும். சில பிள்ளைகளுக்கு பால் பல் நிற்கும்போதே பின்னால் புதுப்பல் எட்டிப் பார்க்கும். பயப்பட வேண்டாம். பால் பல் ஆடாமலே நின்றால் மட்டும் காட்டுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. முன்பல் விழும் அதே ஆறு வயதளவில், கடைவாயில் பால் பற்களுக்குப் பின்னால் நாலு பெரிய பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே வருவதால் நமக்குத் தெரிவதில்லை. அவை நிலையான பற்கள். சூத்தை விழுந்தால் "விழுற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறோம். அது இனி விழாது, இன்னொன்று முளைக்கவும் மாட்டாது. பால் கடைவாய்ப் பற்களும் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் "குழப்படி செஞ்சா பல்லு டொக்டர்ட்ட கொண்டுபோய் ஊசி போடுவன்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை அந்தக் கதிரையில் வாயைத் திறக்குமா?

ஓதப்பள்ளி மௌலவிமாரிடமும் ஒரு வேண்டுகோள். ஏழு, எட்டு வயதில் மேல் முன்பற்கள் விழும். 'ஸா', 'தால்' எழுத்துகளுக்கு நாக்கு நுனி தொட வேண்டியது அந்தப் பற்களின் விளிம்பை. 'ஃபா'வுக்கு கீழுதடு தொட வேண்டியதும் அதையே. பல்லே இல்லாத பிள்ளையின் மக்ரஜுக்குப் பிரம்பைத் தூக்கி என்ன பயன்? சில மாதம் பொறுங்கள், பல் வரும், எழுத்தும் வரும். எங்கள் ஆசிரியர்களுக்கும் இதே பேச்சுத்தான். வாசிக்க எழும்பிய பிள்ளையைப் "பொக்கைவாய்" என்று கூப்பிட்டு வகுப்பைச் சிரிக்க வைக்காதீர்கள். போன வருடம் நானே ஒரு பையனை அப்படிக் கூப்பிட்டேன். அந்தத் தவணை முழுக்க அவன் வாசிக்க எழும்பவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அல்லாஹ்வும் மன்னிக்கட்டும்.

அந்தப் பிள்ளையிடம் அன்று சொன்னேன்: "பாலைக் கொட்டினது பிழை. அதை நீயே உம்மாட்ட சொல்லு. ஆனா பல்லு அதுக்காக விழல்ல. நீ பெரிய பிள்ளையாகிற, அதான் விழுந்த." சிறிது நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப பொய் சொல்லாத ஆக்களுக்கும் விழுமா டீச்சர்?"

எல்லாருக்கும் விழும் என்றேன். பெட்டியை மூடிவிட்டு விளையாட ஓடினாள்.

இன்று இரவு உங்கள் பிள்ளை தூங்க முன் இதை நீங்கள் சொல்லுங்கள். வகுப்பில் தனியாக இருந்து அது கண்டுபிடிக்க வேண்டாம்.