மூடிய பாதையைத் திறக்கலாமா?

குப்பனூர் வழியாக ஏற்காடு போகும் மலைப்பாதையில் மண் சரிந்தால் தடுப்பு வைப்பார்கள். அவசரம் என்று அதைத் தள்ளிவிட்டுப் போவது புத்திசாலித்தனமா?

லினக்ஸ் சர்வரில் பழைய நெட்வொர்க் டிரைவ் மவுண்ட் ஆகாதபோது பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பிங் செய்தால் பதில் வரும். மவுண்ட் செய்தால் 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று வரும். பெரும்பாலும் காரணம் இதுதான்: 2017-ல் வந்த லினக்ஸ் 4.13 முதல், நாம் கேட்காமல் எஸ்எம்பி 1 இயங்காது. அதே ஆண்டு மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான்.

'வெர்ஸ்=1.0' சேர்த்தால் வேலை நடக்கும். ஃபைல்களைக் காப்பி எடுக்க ஒருமுறை சேர்க்கலாம். அதையே நிரந்தரமாக எழுதி வைப்பது தவறு. டிரைவின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் டிரைவையே மாற்றுங்கள்.

தடுப்பு வைத்தவர் ஒன்றும் முட்டாள் இல்லையே!