சுவர் கட்டும் கைகளுக்கு நூலும் கம்பும் வேண்டும்

வீடமைப்பு உதவி என்றதும் எமது கிராமங்களில் எழும் முதற் கேள்வி, எத்தனை பை சீமெந்து, எத்தனை ஓடு என்பதேயாகும். அந்தச் சீமெந்தைக் குழைத்துச் சுவரை எழுப்பப்போகின்ற குடும்பத்தின் கையில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்பார் மிகக் குறைவு. ஒரு வீடு கூரைமட்டத்தை எட்டுவதும் பாதியில் நின்று மழையில் பாசி பிடிப்பதும் பல வேளைகளில் இந்தச் சிறிய கேள்வியிலேயே தங்கியிருக்கிறது என்பது எமது கருத்து.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்குக் காணிகள் பல ஆண்டுகளின் பின்னர் கட்டங் கட்டமாகவே விடப்பட்டன. வன்னியில் 2009இல் அனைத்தையும் இழந்தவர்கள் வெறும் காணிக்குத் திரும்பினர். 2012இலிருந்து இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு 550,000 ரூபா வீதம் பகுதி பகுதியாக வங்கிக் கணக்கில் இடப்பட்டு, வீட்டுக்காரரே கட்டுவிக்கும் முறை பின்பற்றப்பட்டது. வடக்கு கிழக்கிற்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் பற்றி 2016ஆம் ஆண்டளவில் பேசப்பட்டபோதும், கல்வீடே வேண்டும், எம்மவர் கைகளாலேயே அது கட்டப்பட வேண்டும் என்ற குரலே எழுந்தது. அக்குரல் நியாயமானது. ஆனால் எம்மவர் கைகளால் என்று சொன்ன பின்னர், அந்தக் கைகளைப் பழக்குவதும் எமது கடமையாகிறது.

நடைமுறையில் நிகழ்வது என்ன? அத்திவாரம் வெட்டுவதும் கல் சுமப்பதும் சாந்து குழைப்பதும் குடும்பத்தின் வேலை. கல் வைப்பது மேசனின் வேலை. ஒரே பருவத்தில் நூறு வீடு தொடங்கினால் மேசன்மாருக்குத் தட்டுப்பாடு வரும், கூலி ஏறும். முதற் பகுதிப் பணம் கூலியாகவே போய்விட, அடுத்த மட்டத்தை எட்டினால்தான் அடுத்த பகுதி கிடைக்கும் என்பதால் கடன்பட நேரிடும். தாலிக்கொடி அடகுக்குப் போகும். ஆண்துணை இல்லாத வீடுகளில் இச்சுமை இரட்டிப்பாகிறது.

மேசனிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, நேரையும் மட்டத்தையும் காணும் பழகிய கண். மற்றது, விரைவு. விரைவு ஆண்டுகள் கடந்தே கைவரும். ஆனால் கண்ணின் வேலையைச் சில எளிய கருவிகளைக் கொண்டு செய்துவிடலாம். வயலிலே தண்ணீர் கட்டி மேடு பள்ளம் பார்த்து மண்ணைச் சமப்படுத்துகின்ற விவசாயிக்கு மட்டம் என்பது புதிய வித்தை அல்ல. வெங்காயப் பாத்திக்குக் கயிறு பிடிப்பவருக்கு நூல் பிடிப்பதும் புதிதல்ல.

வேண்டிய கருவிகளைப் பார்ப்போம்.

முதலாவது, மூலை பார்க்கும் கயிறு. ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து, அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை சதுரமாக இருக்கிறது என்று பொருள். அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழை குறையும். 20 அடிக்கு 15 அடி என்று வீடு நிலையம் போட்டால் குறுக்களவு 25 அடி வரவேண்டும். இரு குறுக்குகளும் ஒன்றாயிருத்தல் அவசியம்.

இரண்டாவது, தண்ணீர்க் குழாய். உட்புறம் தெரியக்கூடிய, முப்பது அடி நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. முனைகளை விரலால் அடைக்கவும் கூடாது. வீட்டின் நான்கு மூலைகளுக்கும் ஒரே மட்டத்தைக் குறிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. அது மூலைக்கம்பு. மேசன் முதலில் மூலைகளைக் கட்டி எழுப்பிவிட்டுத்தான் இடையிலே நூல் பிடிப்பான். பழகாதவர் சறுக்குவது அந்த மூலைகளிலேதான். ஆகவே வளைவில்லாத இரண்டங்குலச் சட்டம் ஒன்றை ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி, தூக்குக்குண்டால் இரு பக்கமும் நேர் பார்த்து, உதைகால் கொடுத்து அசையாமல் இறுக்கிவிட வேண்டும். தண்ணீர்க் குழாயால் பெற்ற மட்டத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரிக்கும் கோடு கீற வேண்டும். கல் ஏழரை அங்குல உயரம், சாந்து அரை அங்குலம் என்றால் வரிக்கு 8 அங்குலம். எட்டடிச் சுவருக்கு 12 வரி. உங்கள் கல் வேறு அளவென்றால் அதை அளந்து அதற்கேற்பக் கீறுங்கள். பின்னர் இரு கம்புகளிலும் ஒரே கோட்டில் நூலை இழுத்துக் கட்டி, நூலில் முட்டாமல் ஒரு நாணயத்தின் கனம் விலகிக் கல்லை வைத்து வரவேண்டியதுதான். வரி முடிந்ததும் நூல் அடுத்த கோட்டுக்கு ஏறும். மட்டமும் நேரும் கம்பிலே இருப்பதால், கைக்குக் கல்லைத் தட்டி அமர்த்துகின்ற வேலை மாத்திரமே மிஞ்சுகிறது.

நான்காவது, சாந்துச் சட்டம். சுவரின் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் செய்து, அதைச் சுவரின் மேல் வைத்துச் சாந்தை நிரப்பி, பலகையால் வழித்துவிட்டுத் தூக்கினால் எங்கும் ஒரே கனத்தில் சாந்து கிடக்கும். கல் அமரும்போது சிறிது அமுங்குமாதலால் சட்டத்தின் கனம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

இவற்றுள் எதுவும் கப்பலில் வரவேண்டியதில்லை. மரச்சட்டம், ஆணி, நைலோன் நூல், குழாய், தூக்குக்குண்டு ஆகியவை போதும். ஒரு வீட்டுக்கு வாங்குவது வீண். ஒரு கிராமத்துக்கு இரண்டு மூன்று தொகுதி இருந்தால் வீடு வீடாகச் சுற்றிவரும்.

இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கலாம். சுவர் கோணலாக எழும்பினால் அதைப் பூச்சால் மறைக்கவேண்டி வரும். 20 அடிக்கு 15 அடி வீட்டின் சுற்றுச்சுவர் 70 அடி நீளம், 8 அடி உயரம். வெளிப்பக்கத்தில் அரை அங்குலம் கூடுதலாகப் பூசினால், ஒன்றுக்கு ஐந்து கலவையில் கதவு யன்னலைக் கழித்தும் மூன்று நான்கு பை சீமெந்து வீணாகும். உட்பக்கமும் அப்படியே என்றால் அது இரட்டிக்கும். கல்லுக்கிடையில் தடிப்பாய்ப் போகும் சாந்து வேறு. கூலியில் மிஞ்சுவதற்கு முன்பே இவ்வளவு மிஞ்சுகிறது.

கருவி இருந்தால் எல்லாம் ஆகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கெட்ட சாந்தை நூல் திருத்தாது. சீமெந்துக் கல்லை நனைத்து ஊறவைக்கக்கூடாது. சுட்ட செங்கல்லையோ நனைத்தே வைக்க வேண்டும். தண்ணீர் விட்ட சாந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிப்பது நன்று. இறுகியதை மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைப்பது சுவருக்குச் செய்யும் துரோகம். ஒரு நாளில் நான்கு அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம். ஒரு கல்லின் பொருத்து அடுத்த வரியின் பொருத்துக்கு நேரே வராமல் பாதிக்கல் தள்ளி வரவேண்டும். ஒரு வாரம் சுவரை நனைக்க வேண்டும்.

சில வேலைகளை அறிந்தவரிடமே விடவேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறோம். மாரியில் பருத்துக் கோடையில் வெடிக்கும் முருங்கன் பகுதிக் களிமண் போன்ற நிலத்தில் அத்திவாரம் போடுவது, கதவு யன்னலுக்கு மேல் கொங்கிறீற் விட்டம் போடுவது, முகட்டுச் சுவர் எழுப்புவது, கூரை ஏற்றுவது என்பன அவை. ஆதரவின்றி நிற்கும் முகட்டுச் சுவர் ஒரு காற்றுக்கே சரிந்து ஆளைக் கொல்லக்கூடியது.

மேசன்மாரின் பிழைப்பில் மண் விழாதா என்று சிலர் கேட்பர். அவர்களும் எம்மைப் போல இடம்பெயர்ந்தவர்களே. ஆனால் ஒரு மேசன் ஒரு வீட்டிலே நாள்முழுதும் கல் வைப்பதைவிட, நான்கு வீடுகளுக்குப் பொறுப்பாக நின்று, கம்பு நிறுத்தி, முதல் வரியைத் தானே வைத்துக் காட்டி, மாலையில் வந்து பார்த்துப் போனால் அவருக்கும் உரிய ஊதியம் கிடைக்கும். நான்கு வீடும் ஒன்றாக எழும்பும். முதல் வரி பிழைத்தால் மேலுள்ள அனைத்தும் பிழைக்குமாதலால், அவருடைய திறமை மிகவும் தேவைப்படுவதும் அங்கேதான்.

ஆகவே வீடமைப்புக்கு உதவும் நிறுவனங்களிடம் நாம் கேட்பது மூன்று. கிராமத்துக்கு ஒரு கருவித் தொகுதியை உதவியோடு சேர்த்துத் தாருங்கள். சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ அதைப் பொறுப்பேற்கும். பயிற்சியை மண்டபத்தில் விரிவுரையாக வைக்காமல், கட்டப்படுகின்ற வீட்டின் சுவரிலேயே வையுங்கள். அதற்குப் பெண்களையும் அழையுங்கள். முதற் பகுதிப் பணத்தை, காலபோக அறுவடை முடிந்து கைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களில் கிடைக்கச் செய்யுங்கள். ஐப்பசி மழையில் வந்த பணத்தால் சுவர் கட்ட முடியாது.

வாசகர்களாகிய உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அயலில் வீடு கட்ட இருக்கும் நான்கு குடும்பங்கள் ஒன்றுகூடி, வயல் வேலையில் கைமாறுவது போலக் கல் வேலையிலும் கைமாறிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மாட்டுக் கொட்டிலின் அரைச்சுவரிலோ கிணற்றடி மறைப்பிலோ கையைப் பழக்குங்கள். அங்கே நேராக நின்ற கை வீட்டுச் சுவரிலும் நேராகவே நிற்கும்.