பொம்பளை சிரித்தால் போச்சா?

"பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று ஒரு பழமொழி இருக்கிறது. இதைச் சொன்னவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும். புகையிலை வியாபாரியாகவும் இருந்திருக்கலாம்!

விரித்துப் போட்ட புகையிலை காரம் போய்க் கெட்டுவிடும். அது சரி. பெண் சிரித்தால் என்ன கெட்டுவிடும்?

புருஷனோடு வாழ முடியாமல் கைக்குழந்தையுடன் தாய் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள் ஒரு பெண். அவள் அழுதால் ஊர் "ஐயோ பாவம்" என்கிறது. மூலையில் உட்கார்ந்து விட்டால் "அடக்கமான பெண்" என்று பெயர் கிடைக்கும். அதே பெண் தன் கதையைத் தானே சொல்லி, வாய்விட்டுச் சிரித்து விட்டாலோ, தீர்ந்தது! "பட்டும் இவளுக்குப் புத்தி வரவில்லையே!" என்பார்கள்.

இது அநியாயம். அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு என்றால், சிரிப்பதற்கும் உண்டு. சொல்லப் போனால், ஊரார் காட்டும் அனுதாபத்தைவிட அவளுடைய சிரிப்பே அவளுக்கு அதிகமாக உதவும். அனுதாபம் ஒரு வாரம் வரும். பிள்ளையை இருபது வருஷம் வளர்க்க வேண்டுமே!

பேசாத பிள்ளை

தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிறது ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் ஒன்று. 17-ம் நூற்றாண்டில் அங்கே சிவகாமசுந்தரி என்று ஓர் அம்மாள் இருந்தார். அவருக்கு ஓர் ஆண் பிள்ளை. ஐந்து வயது வரை அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை.

அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பார்! பிள்ளை மூன்று மாதம் தாமதமாகப் பேசினாலே பாட்டிமார் கூடிவிடுகிறார்கள். "நாக்கில் வசம்பு தடவினாயா?" என்று ஒருத்தி. "நீ சும்மா இருந்தால் அது எப்படிப் பேசும்?" என்று இன்னொருத்தி. ஐந்து வருஷம் பேசாவிட்டால் கேட்க வேண்டுமா? எல்லாப் பழியும் தாயின் தலையில்தான் விழும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

பெற்றோர் பிள்ளையைத் திருச்செந்தூர் முருகன் சன்னதிக்குக் கொண்டு போனார்கள். அங்கே பேச்சு வந்தது என்பது வரலாறு. அந்தப் பிள்ளைதான் குமரகுருபரர். வாய் திறந்ததும் 'கந்தர் கலிவெண்பா' பாடினார். பிறகு 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்' பாடினார். காசிக்குப் போனார். அங்கே இந்துஸ்தானியும் கற்று, மடமும் அமைத்துவிட்டார்!

"பேச மாட்டானா என்று ஐந்து வருஷம் ஏங்கினேன். பேச ஆரம்பித்தான், காசிக்கே போய்விட்டான்!" என்று அந்தத் தாய் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிச் சிரித்திருக்க மாட்டாரா? சிரித்தாரோ, அழுதாரோ, யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளையின் பெருமை ஏட்டில் ஏறியது. தாயின் கதை அடுப்படியோடு நின்று போயிற்று.

அதே ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. மண் மதிலால் சூழப்பட்ட கோட்டை ஒன்று அங்கே இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் என்ற சமூகத்தார் அதற்குள் வாழ்ந்தார்கள். அந்தப் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வருவது வழக்கம் இல்லை. கமலா கணேஷ் என்ற ஆராய்ச்சியாளர் அவர்களைப் பற்றி எழுதிய நூல் 1993-ல் வெளிவந்தது. அந்த வாழ்க்கை முறை மறைந்து விட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மதிலுக்குள் எத்தனை பெண்கள் தங்கள் மாமியாரைப் போல் நடித்துக் காட்டிச் சிரித்திருப்பார்கள்! அதில் ஒன்றுகூட வெளியே இருந்தவர்கள் காதில் விழுந்திருக்காது.

மன்னார்குடியில் பிறந்த ஆச்சி

மதிலுக்கு வெளியே நின்று, ஊர் உலகம் எல்லாம் கேட்கும்படி சிரிக்க வைத்த பெண் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் மனோரமா.

1937-ம் ஆண்டு மே 26-ந் தேதி மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டு விட்டார். தாய் ராமாமிர்தம் அம்மாள் குழந்தையைத் தூக்கிக் கொண்டு காரைக்குடி பக்கத்தில் உள்ள பள்ளத்தூருக்குப் போனார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். தாய்க்கு உடம்பு கெட்டது. மகளின் படிப்பு பாதியில் நின்றது. அந்தச் சிறுமியும் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஒரு நாள் ஊருக்கு நாடகக் கம்பெனி வந்தது. அதில் சிறு வேடம் போட வேண்டிய நடிகைக்கு உடல் நலம் இல்லை. அந்த இடத்துக்கு இந்தச் சிறுமியை ஏற்றி விட்டார்கள். கோபிசாந்தா மனோரமா ஆனார்.

நாடகத்தில் புகழ் வந்தது. நாடகக் கம்பெனியில் இருந்த ஒருவரோடு காதல் வந்தது. கல்யாணம் நடந்தது. ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கணவர் பிரிந்து போனார்.

தாய்க்கு நடந்தது மகளுக்கும் நடந்து விட்டது! இனி கண்ணீர்க் காட்சிதான் என்று யாரும் நினைப்பார்கள். வீட்டில் ஒரு பாட்டி, ஒரு தாய், ஒரு குழந்தை. சம்பாதிக்கும் ஆண் இல்லை. ஆனால் அந்தப் பெண் எதைச் செய்து பிழைத்தார் தெரியுமா? மற்றவர்களைச் சிரிக்க வைத்து!

1958-ல் கவிஞர் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் மனோரமா நகைச்சுவை வேடத்தில் அறிமுகமானார். கதாநாயகி ஆக வேண்டும் என்ற ஆசை எந்த நடிகைக்குத்தான் இருக்காது? 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் கதாநாயகியின் ஆயுள் குறைவு. சிரிக்க வைப்பவளுக்கு வயதே கிடையாது. நாகேஷோடு ஜோடி, சோவோடு ஜோடி, பிறகு கதாநாயகர்களுக்குத் தாய், பாட்டி. படங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி, கின்னஸ் புத்தகம் வரை போயிற்று.

'ஆச்சி' என்ற பெயர் செட்டிநாட்டுப் பக்கம் கிடைத்த மரியாதை. ஸ்ரீவைகுண்டம், திருநெல்வேலிச் சீமையில் ஆச்சி என்றால் பாட்டி! அந்தப் பக்கத்துக் குழந்தைகள் அவரைத் தங்கள் சொந்தப் பாட்டி என்றே நினைத்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் 'ஜில் ஜில்' ரமாமணியாக வந்தாரே, அந்த வேடத்தைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் நாடகக்காரி. பேச்சும் தளுக்கும் சிரிப்பை அள்ளிக் கொண்டு வரும். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், "அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வெள்ளை மனசு!" என்று தொண்டையை அடைக்கும். மேடை ஏறிப் பிழைப்பவளின் நெளிவு சுளிவு, அசட்டுத் துணிச்சல், உள்ளே இருக்கும் பயம் இவ்வளவும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது அல்ல.

எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் சினிமாவில் பெண்ணை வைத்துச் செய்த தமாஷ் எல்லாம் மெச்சத் தக்கது அல்ல. கறுப்பாக இருக்கிறாள், பருமனாக இருக்கிறாள், வயதாகியும் பொட்டு வைக்கிறாள் என்று கேலி செய்வதை நகைச்சுவை என்று விற்றார்கள். மனோரமாவும் அப்படிப்பட்ட காட்சிகளில் நடிக்க வேண்டி வந்தது. அவற்றை மறந்து விடலாம்.

ஒருத்தி தடுக்கி விழுகிறாள். பார்த்தவன் சிரித்தால் அது கேலி. விழுந்தவளே எழுந்து, சேலையைத் தட்டிக் கொண்டு சிரித்தால் அதன் மதிப்பே வேறு. அதற்கப்புறம் அவளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு வாய் வரும்?

அமெரிக்காவில் எர்மா பாம்பெக் என்று ஓர் அம்மாள் இருந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். துவைத்துத் தீராத துணி, சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகள், கருகிய சமையல் இவற்றைப் பற்றியே 1960-களில் ஒரு சின்னப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். கட்டுரைக்கு 3 டாலர் கூலி. பிறகு சுமார் 900 பத்திரிகைகள் அவர் எழுதியதை வாங்கி வெளியிட்டன! "என் வீடும் இப்படித்தான்" என்று லட்சக்கணக்கான தாய்மார்கள் பெருமூச்சு விட்டார்கள். தான் மட்டும்தான் மோசமான தாயோ என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே பயந்து கொண்டிருந்தாள் அல்லவா?

நம் ஊரில் அந்த வேலையை ஆற்றுப் படித்துறை செய்தது. துணி துவைக்கும் கல்லில் மாமியார் அடிபட்டார். புருஷன் அலசிப் பிழியப்பட்டார்! இப்போது வீட்டுக்கு வீடு குழாயும் துவைக்கும் எந்திரமும் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆள் இல்லை. ஆகவே, புகுந்த வீட்டில் இருந்து மகள் போன் செய்து, "அம்மா, இன்றைக்குக் குழந்தையைத் தூங்க வைக்கப் போய் நான் தூங்கிவிட்டேன், பால் பொங்கி அடுப்பு அணைந்து விட்டது" என்று சிரித்தால், உடனே புத்திமதி சொல்லாதீர்கள். கூடச் சிரியுங்கள்.

மனோரமாவுக்கு 'புதிய பாதை' படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. 2002-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. 2015 அக்டோபர் 10-ந் தேதி சென்னையில் காலமானார்.

1986-ல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' வெளிவந்தது. அதில் அவருக்கு வேலைக்காரி கண்ணம்மா வேடம். குடும்பத்தில் சண்டை வந்து நிற்கும் நேரத்தில், அந்த வேலைக்காரி வாயைத் திறந்தாள். கொட்டகைகள் அதிர்ந்தன. அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் மனசில் என்னென்ன இருக்கும் என்பது, பள்ளத்தூரில் பாத்திரம் தேய்த்த கோபிசாந்தாவுக்குத் தெரியாதா, என்ன!