நாவல் எழுதலாம், சுகமாக!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ரயில் டிக்கெட் எடுக்க, பேங்க் வேலை பார்க்க, பிள்ளைகள் படிப்புக்கு, வெளியூரில் இருக்கும் பேரனை வீடியோவில் பார்க்க என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் பழகிய பிறகு சிலர் மட்டும் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொல்வார்கள். "ஒரு நாவல் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை." என் அம்மாவும் அப்படிச் சொன்னவர்தான்.

அம்மா தாலுகா அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, பதவி உயர்வு பெற்று, ஓய்வு பெற்றவர். திருமணத்துக்கு முன் திருச்சியில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மூன்று வருடம் தங்கியிருந்தார். அந்த விடுதியைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது அவருடைய கனவு. ஓய்வு பெற்ற மறு வாரமே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். மூன்று நோட்டுகள் நிறைந்தபோது நான் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். சாப்ட்வேர் இன்ஜினியர் மகன், வாங்கிக் கொடுத்ததோடு சும்மா இருப்பேனா?

நான் தமிழ் டைப் செய்யும் அதே முறையை அவருக்கும் போட்டுக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழில் வரும் முறை. பக்க அளவைப் புத்தகம் போல மாற்றினேன். நாலு விதமான எழுத்துருக்களை இறக்கி வைத்தேன். எக்ஸெல்லில் ஒரு அட்டவணை போட்டு, ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று இலக்கும் வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு பெங்களூருக்குப் பஸ் ஏறினேன்.

நாலு மாதம் கழித்து வந்து பார்த்தால், பதினோரு பக்கம்தான் எழுதியிருந்தார். லேப்டாப்பின் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். "சரி, நோட்டிலேயாவது எழுதறியாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா. எனக்கு இதெல்லாம் வராதுப்பா. இப்போ நோட்டை எடுத்தாலும் எழுத வரமாட்டேங்குது" என்றார்.

அந்தக் கடைசி வரிதான் என்னைச் சுட்டது. கம்ப்யூட்டர் வராமல் போனது பெரிய விஷயம் இல்லை. மூன்று நோட்டு நிறைய எழுதியவருக்கு, எழுத்தே வராமல் போய்விட்டது. அதைக் கெடுத்தது நான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. நாவல் எழுதுபவருக்குக் கம்ப்யூட்டர் தர வேண்டிய முதல் விஷயம் வேகமும் இல்லை, அழகான பக்கமும் இல்லை. நாளைக்கும் வந்து உட்கார வேண்டும் என்ற ஆசைதான். நாவல் என்பது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நடக்கும் வேலை. யாரும் சம்பளம் தருவதில்லை. யாரும் கேட்டுக் கொண்டு நிற்பதும் இல்லை. எழுதும்போது கிடைக்கும் சந்தோஷம் ஒன்றுதான் மறுபடி மறுபடி நம்மை நாற்காலிக்கு இழுக்கிறது. அது போய்விட்டால் நாவலும் போய்விடும். "கஷ்டப்பட்டால்தான் நல்ல எழுத்து வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. கதையோடு கஷ்டப்படலாம். கீபோர்டோடு ஏன் கஷ்டப்பட வேண்டும்?

நம் ஊரில் நாவல் எழுதியவர்கள் பலரும் வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதியவர்கள். 1879ல் வெளிவந்த முதல் தமிழ் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாக இருந்தவர். சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியிலும் பங்கு கொண்டவர். வேலை போக மிச்சம் இருக்கும் நேரத்தில் எழுதுபவருக்கு, அந்த மிச்ச நேரம் இனிமையாக இருக்க வேண்டாமா?

சரி, நான் எங்கே தவறினேன், எப்படித் திருத்தினேன் என்று சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும், அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த உங்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

கை அறிந்த கீபோர்டு

அம்மா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிப்பார். இது தெரிந்திருந்தும், அவரை "அம்மா" என்று எழுத ஏ, எம், எம், ஏ, ஏ என்று அடிக்க வைத்தேன். தமிழில் நினைத்து, அதை ஆங்கில எழுத்தாக மாற்றி, மறுபடி தமிழாகத் திரையில் பார்ப்பது! இதில் கதாபாத்திரம் பேசுவது எங்கே காதில் விழும்?

பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடில் அடிக்க வழி இருக்கிறது. ஈ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச புரோகிராம்களில் டைப்ரைட்டர் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா முதல் வரியை அடித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார்.

டைப்ரைட்டிங் தெரியாதவர்களுக்கு என் யோசனை, தமிழ்99 முறை. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான முறை இது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்யெழுத்துகள் வலது கைப்பக்கம். புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக் கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் "அம்மா" வந்துவிடும். இப்போதைய விண்டோஸில் இது சேர்ந்தே வருகிறது. கொஞ்ச நாள் தடுமாறுவீர்கள். பிறகு விடமாட்டீர்கள். ஏற்கெனவே ஒலிப்படி அடித்துக் கை பழகியவர்கள் மாற வேண்டியதில்லை. உங்கள் கை எதை அறிந்திருக்கிறதோ அதுவே நல்லது.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், தான் டாஸ் கம்ப்யூட்டரில் வேர்டுஸ்டார் 4.0 புரோகிராமில் எழுதுவதாக 2014ல் ஒரு டி.வி. பேட்டியில் சொன்னார். எவ்வளவு பழைய புரோகிராம்! அவர் கை அதில் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிவப்புக் கோட்டை அணைத்துவிடுங்கள்

அம்மாவின் நாவலில் விடுதிப் பெண்கள் பேச்சுத் தமிழில் பேசுகிறார்கள். "வந்துட்டியாடி" என்று அடித்தவுடன் கீழே சிவப்பு நெளிகோடு. ஊர்ப் பெயருக்குக் கீழே ஒன்று, ஆள் பெயருக்குக் கீழே இன்னொன்று. முப்பது வருடம் பிழையில்லாமல் அடித்த ஒருவருக்கு, பக்கம் முழுக்க வாத்தியார் திருத்தியது போல இருந்திருக்கிறது. தப்போ, தப்போ என்று அழித்து அழித்து எழுதியிருக்கிறார்.

வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று சென்று, "செக் ஸ்பெல்லிங் ஆஸ் யூ டைப்" என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் வைத்திருந்தால் ஷிப்ட் கீயுடன் எஃப்7 அழுத்தினால் போதும். எழுதுவது ஒரு வேலை, திருத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டுமே சுகப்படாது.

தெரியாத இடத்தில் ஆய்த எழுத்து

ஒரு காட்சியில் கதாநாயகி திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போகிறாள். அந்தக் காலத்தில் டிக்கெட் எவ்வளவு? அம்மா பேனாவை, அதாவது கீபோர்டை, வைத்துவிட்டு இன்டர்நெட்டில் தேடப் போவார். அங்கே ஒரு வீடியோ, அதிலிருந்து ஒரு சமையல் குறிப்பு, அன்றைய பொழுது முடிந்தது!

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறோம். தெரியாத இடத்தில் "ஃஃஃ" என்று மூன்று ஆய்த எழுத்தைத் தட்டிவிட்டுக் கதையைத் தொடர வேண்டியது. எந்தத் தமிழ்ச் சொல்லிலும் மூன்று ஆய்தம் சேர்ந்து வராது. எழுதி முடித்த பிறகு கண்ட்ரோல் எஃப் அழுத்தி "ஃஃஃ" என்று தேடினால், விட்ட இடங்கள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். எழுதும் நேரத்தில் நெட் இணைப்பைத் துண்டித்து வைத்துவிடலாம்.

காட்சிகளைத் தூக்கி வைக்கும் விளையாட்டு

நோட்டில் கிடைக்காத சந்தோஷம் ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சின்னத் தலைப்பு வைத்து, அதற்கு ஹோம் டேபில் உள்ள "ஹெடிங் 1" ஸ்டைலைக் கொடுங்கள். பிறகு வியூ டேபில் "நேவிகேஷன் பேன்" என்பதில் டிக் செய்யுங்கள். இடது பக்கம் எல்லாக் காட்சிகளும் பட்டியலாக நிற்கும். ஐந்தாவது காட்சியை மவுஸால் பிடித்து இரண்டாவது இடத்துக்கு இழுத்துவிட்டால், அதன் கீழுள்ள பக்கங்கள் அத்தனையும் கூடவே போகும். கதையை எங்கே ஆரம்பிப்பது என்ற குழப்பத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். பிடித்த காட்சியை முதலில் எழுதிவிட்டு, அதற்குரிய இடத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

வெட்டியதைத் தூக்கி எறியாமல், "மிச்சம்" என்ற பெயரில் வேறு பைலில் போட்டு வையுங்கள். பிடித்த வரியை வெட்டும்போது மனசு வலிக்காது.

வார்த்தைக் கணக்கு நமக்குச் சரிப்படுமா?

அமெரிக்காவில் 1999ல் தொடங்கிய நானோரைமோ என்ற முயற்சியில், நவம்பர் மாதம் முழுவதும் எழுதி 50,000 வார்த்தை முடிக்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 1,667 வார்த்தை. அதை நடத்திய நிறுவனம் 2025ல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டுவிட்டது. நான் அம்மாவுக்கு வைத்த இலக்கு அங்கிருந்து எடுத்ததுதான். யோசிக்காமல் எடுத்தேன். ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தையில் சொல்வதை நாம் "வந்துகொண்டிருந்தபோது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் அதை ஒன்று என்றுதான் எண்ணும். ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்கு வைத்தால் எழுதுபவர் என்றும் பின்தங்கியே இருப்பார். தினமும் தோற்றுக் கொண்டே இருக்கும் விளையாட்டை யார் விரும்பி ஆடுவார்கள்?

எண்ணிக்கையே பிடிக்காது என்று சொல்லமாட்டேன். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப், தபால் துறை வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர். அது அவருக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கும் பிடித்தால் செய்யுங்கள். அம்மாவுக்கு இப்போது எண்ணிக்கை இல்லை. காலையில் காபி குடித்த பிறகு அரை மணி நேரம், அவ்வளவே.

பத்திரமாக இருக்கட்டும்

ஒரு மாதம் எழுதியது ஒரு நாளில் காணாமல் போனால், மறுபடி உட்காரும் மனசே வராது. வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று சென்று, ஆட்டோ ரெகவர் நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து இரண்டாகக் குறையுங்கள். அதை மட்டும் நம்பாமல் கண்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கமும் வேண்டும். வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள். உங்களுக்கு நீங்களே இமெயிலில் அனுப்பி வைப்பதும் நல்லது.

இப்போது சிலர், "ஏன் இவ்வளவு சிரமம்? ஏ.ஐ. புரோகிராமிடம் சொன்னால் நாவலையே எழுதித் தந்துவிடுமே" என்கிறார்கள். என் ஆபீசில் கோடு எழுத நானே அதைப் பயன்படுத்துகிறேன். பழைய விஷயம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நாவலாசிரியருக்கும் அது உதவும், சொல்வதை ஒரு முறை சரிபார்த்துக் கொண்டால். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது ஒரு நாவல் புத்தகம் மட்டும் இல்லை. அந்த விடுதியில் இன்னொரு முறை போய் வாழ்ந்துவிட்டு வருவது. அதை அவருக்குப் பதிலாக வேறு யார் செய்ய முடியும்? நமக்குப் பதிலாக இன்னொருவர் சாப்பிட்டால் நம் பசி தீருமா?

கடைசியாக ஒன்று. ஃபோகஸ்ரைட்டர் என்று ஓர் இலவச புரோகிராம் இருக்கிறது. மெனு, பட்டன் எதுவும் கண்ணில் படாமல் திரை முழுக்க எழுதும் பக்கம் மட்டும் தெரியும். அதில் டைப்ரைட்டர் சத்தத்தை வைத்துக் கொள்ளும் வசதியும் உண்டு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அதைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் தட்டிப் பார்த்த அம்மா, "எங்க ஆபீஸ்ல உட்கார்ந்த மாதிரியே இருக்கு" என்றார். மறுநாள் விடிகாலை நான் கண் விழித்தபோது, பக்கத்து அறையிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நாவல் இன்னும் முடியவில்லை. இருபத்தொன்றாவது அத்தியாயத்தில் நிற்கிறது. எப்போது முடியும் என்று நானும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் துணி போட்டு மூடிய ஒரு லேப்டாப் இருந்தால், அதை வைத்திருப்பவரிடம் என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.