மூலப் பாகமா, மாற்றுப் பாகமா?

பழைய கோயிலைப் பேணுகிறோம். பழைய ஓலைச்சுவடியைப் பேணுகிறோம். அவ்வாறே பழைய மகிழுந்துகளைப் பேணுவோரும் நம் நாட்டில் பலர் உளர். தில்லியில் 1964ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டேட்ஸ்மேன் பழைய மகிழுந்துப் பேரணி அதற்கு ஒரு சான்று. அத்தகைய வண்டியைக் காண்போர், "இதில் எவை மூலப் பாகங்கள்? எவை பின்னாளில் பொருத்தியவை?" என்று வினவுவர். வண்டியின் குளிர்விப்பு அமைப்பைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. அதன் பாகங்கள் விரைவில் தேய்ந்து அடிக்கடி மாற்றப்படுவதே அதற்குக் காரணம். அவற்றைப் பொறுமையாக ஆராய்ந்து உண்மையை எழுதி வைக்க வேண்டும்; எல்லாம் மூலப் பாகமாகவே இருத்தல் வேண்டும் என்னும் பிடிவாதம் கூடாது. இதுவே என் கருத்து.

குளிர்விப்பு அமைப்பு

இயந்திரத்துள் எரிபொருள் எரியும்போது கடும் வெப்பம் தோன்றுகிறது. இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் அவ்வெப்பத்தை ஏற்று, ரப்பர் குழாய் வழியே ரேடியேட்டரை அடைகிறது. அங்கே காற்றுப்பட்டுக் குளிர்ந்து மீள்கிறது. நீரைச் சுழலச் செய்வது நீரேற்றி. காற்றை இழுத்துத் தருவது விசிறி. இயந்திரம் உரிய சூட்டை அடையும்வரை நீரைத் தடுத்து நிறுத்துவது தெர்மோஸ்டாட். நீர் எளிதில் கொதித்துவிடாதவாறு அழுத்தத்தைக் காப்பது ரேடியேட்டரின் மூடி.

ஆராயும் முறை

அம்பாசடர் மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவான வண்டி அது. 1960களில் வெளிவந்த அம்பாசடர் ஒன்று நம்முன் நிற்பதாகக் கொள்வோம். அக்காலத்து ரேடியேட்டர்கள் செம்பாலும் பித்தளையாலும் செய்யப்பட்டுப் பற்றாசு வைத்து இணைக்கப்பட்டவை. அவ்விடத்தில் அலுமினியத் தகடும் நெகிழித் தொட்டியும் இருப்பின், அது பிற்கால மாற்று என்று உறுதியாகக் கூறலாம். விசிறி நீரேற்றியின் அச்சிலேயே அமைந்து, வாரினால் சுழல வேண்டும். மின்விசிறி காணப்பட்டால் அதுவும் பின்னாளில் சேர்ந்ததே. நீரேற்றியின் வார்ப்பிரும்பு உடலில் உள்ள வார்ப்பு எண்ணை, அவ்வாண்டுக்குரிய உதிரிபாகக் கையேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எனினும் ஒரே ஒரு சான்றைக் கொண்டு முடிவு கட்டுதல் தவறு. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால், பட்டறையில் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாக அமைப்பதுண்டு. அப்போது தொட்டியில் உள்ள முத்திரை பழையதாக இருக்கும்; நீரைக் குளிர்விக்கும் பகுதியோ புதியதாக இருக்கும். இது பாதி மூலம், பாதி மாற்று. சில இடங்களில் வெயிலுக்கு அஞ்சித் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருப்பர். ஆகவே உள்ளதை மட்டுமன்றி இல்லாததையும் தேடிக் காணல் வேண்டும்.

ஆண்டு அறிதல் இன்றியமையாதது

வண்டி பிறந்த ஆண்டை அறியாமல் செய்யும் ஆராய்ச்சி பிழையில் முடியும். இதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு 'மாடல் டி' நல்ல எடுத்துக்காட்டு. 1908இல் அறிமுகமான அவ்வண்டிகளுள் முதல் 2,500 வண்டிகள் வரையில் நீரேற்றி இருந்தது. அதன்பின் ஃபோர்டு நிறுவனம் அதனை நீக்கிவிட்டது. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியைக் கொண்டே நீர் சுழன்றது. பின்னர் அவ்வண்டிகளின் உரிமையாளர் பலர், கடையில் விற்ற நீரேற்றிகளை வாங்கித் தாமே பொருத்திக்கொண்டனர். எனவே தொடக்ககால வண்டியில் நீரேற்றி இருப்பது மூல அமைப்பு. 1920ஆம் ஆண்டு வண்டியில் இருப்பது பிற்சேர்க்கை. பழமையான தோற்றத்தைக் கண்டு மட்டும் இவ்வேறுபாட்டை உணர இயலாது.

பிடிவாதம் ஏன் கூடாது?

"மூலப் பாகத்தைத் தொடவே கூடாது" என்று கூறுவோர் உளர். அவர்தம் பற்று போற்றத்தக்கது. ஆயினும் ரப்பர் குழாய் ஐம்பது ஆண்டு உழைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. வெடிப்புற்ற மூலக் குழாயுடன் வடநாட்டின் மே மாத வெயிலில் வண்டியை ஓட்டினால், குழாய் கிழிந்து நீர் வெளியேறும். இயந்திரத்தின் தலைப்பகுதி வெப்பத்தால் வளையக்கூடும். சிறு குழாயைக் காக்கப்போய் இயந்திரத்தையே இழப்பது அறிவுடைமை ஆகுமா?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பளபளப்பை விரும்பி, சிறு ஒழுக்கு மட்டுமே உள்ள செப்பு ரேடியேட்டரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகின்றனர். பற்றாசு வைத்தால் சீராகும் பொருள், அத்துடன் அழிந்துபோகிறது. பொருந்தாத மாற்றும் கேடு தரும். குறைந்த அழுத்தத்திற்கென அமைந்த பழைய ரேடியேட்டரில் மிகுந்த அழுத்தம் தாங்கும் புதிய மூடியை இட்டால், பற்றாசு வைத்த இணைப்பு விட்டுப்போகலாம். வடிவம் ஒத்திருந்தால் போதாது. மூடியில் பொறித்துள்ள அழுத்த அளவும் ஒத்திருத்தல் வேண்டும். அதனைப் படிக்க விரும்புவோர் இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைப் புண்ணாக்கும்.

உண்மையே பெருமை

2021இல் நடுவண் அரசு வகுத்த விதிகள், முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்படும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாக ஏற்கின்றன. அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது என்றும் அவை கூறுகின்றன. தேய்ந்த குழாயை மாற்றுவது வேறு. வண்டியின் இயல்பையே மாற்றுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

ஆகவே வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. எப்பாகம் மாற்றப்பட்டது, எந்நாளில், எக்காரணத்தால் என்று அதில் எழுத வேண்டும். கழற்றிய மூலப் பாகத்தைப் பெயரெழுதிப் பெட்டியில் காத்தலும் வேண்டும். மாற்றுப் பாகம் பொருத்துவதால் வண்டியின் மதிப்பு கெடுவதில்லை. மாற்றை மூலம் என்று கூறி விற்பதாலேயே கெடுகிறது. வாங்குபவர் ஏமாறுவதோடு, நாளை ஆராய்பவருக்கும் பொய்யே வரலாறாகிவிடும். பழையதைப் பேணுவோர்க்குப் பற்று மட்டும் போதாது, வாய்மையும் வேண்டும்.