ஜவ்வுக்கு ஸ்டெம்செல் ஊசி: இப்போது வேண்டாம்

கூடலூரில் ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டால் எலும்பு மருத்துவரின் வாசலில் தோட்டத்துப் பெண்கள் கூடிவிடுவார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் போய்வருபவர்கள். ஏலக்காய் தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பது. பறிப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் இருக்க வேண்டும். திராட்சைப் பந்தலில் வேலை பார்ப்பவருக்கு நேர்மாறு: கழுத்தும் மேலே, கையும் மேலே. எம்ஆர்ஐ படத்தைக் கவரிலிருந்து உருவி மேசைமேல் வைத்துவிட்டு, இவர்கள் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள்: “ஸ்டெம்செல் ஊசி போட்டா தேஞ்ச ஜவ்வு திரும்ப வளந்துருமாமே, சார்?”

“போட்டுப் பார்க்கலாம்” என்று பதில் சொல்பவர்கள் மருத்துவர்களான நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும் உரிமை இன்று நம்மில் எவருக்கும் இல்லை என்பதே இவ்விதழின் நிலை.

ஜவ்வின், அதாவது டிஸ்கின், உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிய ஆய்வுகள் நம் பக்கத்திலேயே நடந்தவை. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் காடோலினியச் சாயம் செலுத்தி, 24 மணி நேரம் வரை தொடர்ச்சியாக எம்ஆர்ஐ எடுத்தார்கள். முள்ளெலும்பில் 5 நிமிடத்தில் உச்சம் தொட்ட சாயம், ஆரோக்கியமான டிஸ்கின் நடுவில் உச்சம் தொட ஏறக்குறைய 6 மணி நேரம் பிடித்தது. டிஸ்குக்கும் முள்ளெலும்புக்கும் இடையிலுள்ள எண்ட்பிளேட் தகடு சிதைந்திருந்தால் அந்தப் போக்கே மாறிவிட்டது. 2004-இல் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் (ஐஎஸ்எஸ்எல்எஸ்) பரிசு பெற்ற ஆய்வு அது. 2013-இல் அதே பரிசைப் பெற்ற இன்னொரு ஆய்வில், டிஸ்க் பிதுங்கிய 181 பேரைப் பார்த்தார்கள். வெளிவளையம் கிழிவதுதான் காரணம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். ஆனால் அந்த 181 பேரில் ஏறக்குறைய 65 சதவீதத்தினரிடம் எண்ட்பிளேட் இணைப்பே பெயர்ந்திருந்தது.

ஸ்டெம்செல் விளம்பரங்கள் வாய் திறக்காத இடம் இதுதான். முதிர்ந்த டிஸ்கின் நடுவில் ரத்தநாளம் கிடையாது. ஆக்சிஜன் குறைவு, குளுக்கோஸ் குறைவு, லாக்டிக் அமிலம் மிகுதி. ஏற்கெனவே இருக்கும் செல்களே பட்டினியில் மடியும் இடத்துக்குள் அறுபது லட்சம் செல்களைப் புதிதாக இறக்கினால் அவை எதைத் தின்று பிழைக்கும்? மதகு அடைபட்ட வயலில் நாற்று நடுவதைக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த விவசாயியும் ஒப்பமாட்டார்.

எண்ட்பிளேட் நன்றாக இருந்து, தேய்மானம் தொடக்க நிலையில் இருப்பவரிடம் செல்கள் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவர்களில் பலர் ஊசி இல்லாமலே தேறிவிடுபவர்கள். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த வெற்றிக் கதையையும் நாம் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பார்சிலோனாவில் 2011-இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் 10 பேருக்குச் சொந்த மஜ்ஜைச் செல்கள் செலுத்தப்பட்டன. வலி குறைந்தது, டிஸ்கின் உயரம் மீளவில்லை. ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. மீசோபிளாஸ்ட் நிறுவனத்தின் மூன்றாம் கட்ட ஆய்வில் 404 பேர். 2021-இல் முடிவு வந்தபோது முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஹயலுரானிக் அமிலத்தோடு செல்கள் பெற்ற குழுவில் வலி குறைந்ததாகத் தெரிந்ததால் அடுத்த ஆய்வு தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவின் ரெஸ்பைன் ஆய்வும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. நம்பிக்கை செத்துவிடவில்லை, ஆனால் ஆய்வுக்கூடத்துக்குரிய நம்பிக்கையை நாம் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்க முடியாது.

தீங்கும் இல்லை என்று சொல்ல இயலாது. முயல்களில் டிஸ்கிலிருந்து கசிந்த செல்கள் எலும்பு முளைகளை உண்டாக்கியதை 2012-இல் வடாலா குழு பதிவு செய்தது. டிஸ்கை ஊசியால் துளைப்பதே பின்னாளில் தேய்மானத்தை விரைவுபடுத்துவதை 2009-இல் கராஜி குழு காட்டியது.

சட்டத்திலும் குழப்பம் இல்லை. ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017 வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட ரத்தநோய்களுக்கான மஜ்ஜை மாற்றத்தைத் தவிர, ஆய்வுக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம்செல் தருவது அறமல்ல. “மூட்டுக்கு அனுமதி இருக்கிறதே” என்பார்கள். 2022-இல் முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதி பெற்றது ஒரே ஒரு தயாரிப்பு. அந்த அனுமதி முதுகுக்குச் செல்லாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. தோடு, சங்கிலியை அடகு வைத்து ஊசிக்குப் பணம் சேர்க்கும் வாரங்களில் பாதம் தொங்கிப்போகலாம், சிறுநீர் அடைபடலாம். அந்த நிலையில் உடனே போக வேண்டிய இடம் அறுவை அரங்கு. கால் வலிக்கிறது என்று வருபவரின் கட்டை விரலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். சிறுநீர் போவதைக் கூச்சம் போகும்படி கேளுங்கள். அறிகுறி இருந்தால் அன்றே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ அனுப்புங்கள். இல்லாதவர்களுக்கு, பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் வலி தணியும் என்பதைச் சொல்லிப் பிசியோதெரபி கொடுங்கள். வேலைக்குத் திரும்பும்போது மூட்டை தூக்காத வேலை கேட்டுத் தோட்டத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள்.

ஊசிக்குத்தான் போவேன் என்று நிற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள்: மருத்துவ ஆய்வுகளுக்கான சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிவு எண் என்ன, அறநெறிக் குழுவின் ஒப்புதல் எங்கே, ஆய்வுக்கு என்னிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? பதில் வராத இடத்துக்கு உங்கள் பரிந்துரைச் சீட்டு போகக் கூடாது.